இரண்டு வருட ஒப்பந்தமும் ஓர் ஈரப் பலகையும்

ஆறரை வயதுக் குழந்தையை இரண்டு வருட ஒப்பந்தம் போட்டுக் கராத்தே வகுப்பில் சேர்க்கலாமா, கூடாதா? ஏழு வருடம் இந்தக் கேள்வியை மற்றவர்கள் என்னிடம் கேட்டார்கள். "தாராளமா சேர்க்கலாம் மேடம், நீங்க யோசிக்கவே வேண்டாம்" என்று நானும் யோசிக்காமலேயே சொல்லிவந்தேன். இப்போது கேட்பவளும் நான், பதில் சொல்ல வேண்டியவளும் நான். ஐந்து நாளாக வீட்டில் இதே பேச்சுதான். பதில் வந்தபாடில்லை.

நான் ஒரு கராத்தே பள்ளியின் முன்மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முப்பத்து மூன்று வயதில் என்ன ஓய்வு என்று சிரிப்பீர்கள். என் கணவர் ரகுவும் சிரிக்கத்தான் செய்கிறார். ஆனால் கடைசி நாளன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள், சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், மூன்று பேர் என்னைப் பற்றிப் பேசினார்கள், அதில் ஒருவர் அழுதார். ஓய்வுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பென்ஷன் ஒன்றுதான் குறை.

இதை எழுதத் தூண்டியவள் நந்தினி. என் நாற்காலியில் இப்போது உட்காருபவள். மாதம் ஒருமுறையாவது சந்தேகம் கேட்டு, கன்னடம் கலந்த தமிழில் ஃபோன் செய்வாள். போன வாரமும் செய்தாள்.

"அக்கா, ஒந்தே ஒந்து டவுட்டு. பேரன்ட்ஸ் 'இதனால நிஜமாவே பிரயோஜனம் உண்டா'ன்னு கேட்டா நீங்க என்ன சொல்வீங்க?"

"நீ என்ன சொல்ற?"

"உண்டுன்னுதான் சொல்றேன். ஆனா சொல்றப்போ கண்ணு தானா கீழ போயிடுது அக்கா. உங்களுக்குப் போகுமா?"

போகாது என்றேன். அது முழு உண்மை இல்லை. ஒரே ஒருமுறை போயிருக்கிறது.

பள்ளி இருந்தது பிரேசர் டவுனில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில். பி.காம். முடித்து, வங்கித் தேர்வுகளை வரிசையாக எழுதி, வரிசையாகக் கோட்டைவிட்ட பிறகு அங்கே சேர்ந்தேன். பயிற்சி இரண்டு வாரம். முதல் வாரம் ரசீது எழுதவும் வெள்ளை உடைக்கு அளவெடுக்கவும் கற்றுக்கொண்டேன். இரண்டாம் வாரம் முழுவதும் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

எங்கள் மாஸ்டர் கே.ஜி.எஃப். பக்கத்துக்காரர். குள்ளமான மனிதர், எப்போதும் வெறுங்கால். அவர் வாயிலிருந்து 'ஃபீஸ்' என்ற சொல்லை நான் ஒருநாளும் கேட்டதில்லை. யாராவது பெற்றோர் "மாசம் எவ்ளோ?" என்று ஆரம்பித்தால், அந்த நொடியே அவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஏதோ ஒரு குழந்தையின் பெல்ட் தளர்ந்துவிடும். சட்டென்று மண்டியிட்டு அதை அவிழ்த்துக் கட்ட ஆரம்பித்துவிடுவார். தலையை நிமிர்த்தாமலேயே, "பேப்பர் வேலையெல்லாம் நம்ம மேடம் பார்த்துப்பாங்க" என்பார். நான் பணம் பேசி முடிக்கும்வரை அந்த முடிச்சு முடியாது. வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் பெல்ட் இறுக்கமாக இருக்கும்போது என்ன செய்வார் என்று எனக்கு ஆரம்பத்தில் கவலை இருந்தது. அப்போது தன் பெல்ட்டையே அவிழ்த்துக் கட்டினார்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு இலவச வகுப்பு. அதற்கு ஒரு முறை உண்டு, அதிலிருந்து நாங்கள் இம்மி பிசகியதில்லை. பெற்றோர் நாற்காலி கூடத்தைப் பார்த்திருக்கும், படிக்கட்டுக்கு முதுகு காட்டியிருக்கும். "படிக்கட்டைப் பார்த்தா கிளம்பத் தோணும் மேடம்" என்பது மாஸ்டரின் ஆராய்ச்சி. முப்பது நிமிடம் ஓட்டம், குதிப்பு, கத்தல். கடைசிப் பத்து நிமிடம் பலகை. மாஸ்டர் ஒரு மெல்லிய பைன் மரப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். குழந்தை கத்திக்கொண்டே குத்தும். பலகை இரண்டாக உடையும். குழந்தை திரும்பித் தன் அம்மாவைப் பார்க்கும். அம்மாவின் கண் கலங்கும். நான் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவேன். மூன்றில் ஒப்பந்தத் தாளை மேசைமேல் வைத்து, பேனா மூடியைக் கழற்றிக் கொடுப்பேன். இரண்டில் வைத்தால் அவசரப்படுவதாகத் தெரியும். நான்கில் வைத்தால் கண் காய்ந்துவிடும்.

பலகை என் இலாகா. பேக்கிங் பெட்டி செய்யும் மரக்கடையில் வாங்கி, மர ரேகை நேராக ஓடும்படி பார்த்து அறுக்கச் சொல்லி, மொட்டை மாடியில் மூன்று நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். அப்படிக் காய்ந்த பலகை குத்தவேகூட வேண்டாம், பக்கத்தில் நின்று அதட்டினால் போதும். பெல்ட் தேர்வுக்கு வைத்திருக்கும் தடிமனான பலகை வேறு. அதை உள்ளறையில் தனியாக அடுக்கியிருப்போம்.

ஒரு ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை சாயங்காலம், பலகைகளை மாடியிலேயே மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். என் மகள் இனியாவுக்கு அப்போது இரண்டு வயது, காய்ச்சல். இரவெல்லாம் மழை. மறுநாள் மூன்றரை மணிக்குத்தான் ஞாபகம் வந்தது. துணியால் துடைத்தேன், ஃபேனுக்குக் கீழே வைத்தேன். மேலே காய்ந்த மாதிரிதான் இருந்தது.

முதல் குழந்தை குத்தியது. 'தொப்' என்று ஒரு சத்தம். பலகை லேசாக வளைந்து, மறுபடி நிமிர்ந்துகொண்டது. இரண்டாவது குழந்தைக்கும் அதே தொப். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஐந்து குழந்தைகளும் குத்தி முடித்தார்கள், ஒன்றும் உடையவில்லை. கூடத்தில் கையை உதறும் சத்தமும் மூக்குறிஞ்சும் சத்தமும்தான். மாஸ்டர் எதை அவிழ்த்துக் கட்டலாம் என்று சுற்றுமுற்றும் தேடிக்கொண்டிருந்தார்.

அப்போது பெற்றோர் நாற்காலியிலிருந்து ஜோசப் சார் எழுந்தார். அவருக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை. சந்தேகப்படுவதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். எட்டு வயது மகள் ஷெரினைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"மாஸ்டர், நான் மூணு ஸ்கூல் பார்த்துட்டு வர்றேன். மூணுலயும் மொத நாளே ஒடைஞ்சிச்சு. எம் பொண்ணுக்கு அப்பளத்தை ஒடைக்கவே ஆள் வேணும், அவ எப்பிடி மரத்தை ஒடைப்பா? அப்பவே எனக்கு டவுட்டு. இங்கதான் ஒடையல. இதான் ஒரிஜினல்!"

நான் எண்ணக்கூட இல்லை. அவரே பேனாவைக் கேட்டு வாங்கி இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போட்டார்கள். உடையாத பலகையை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று ஷெரினிடமே கொடுத்தனுப்பினோம். மாஸ்டர் அன்று மாலை டீ குடித்துக்கொண்டே, "மேடம், மாசத்துல ஒரு சனிக்கிழமை லேசா தண்ணி தெளிச்சு வைக்கலாமா?" என்றார். முடியாது என்று கோபமாகச் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. "பார்க்கலாம் மாஸ்டர்" என்றுதான் சொன்னேன்.

நான்கு மாதம் கழித்து ஜோசப் சார் ஒப்பந்தத்தை முறிக்க வந்தார். கையில் ஒரு துணிப்பை, பக்கத்தில் ஷெரின்.

முறிக்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதற்கு 'காப்பாற்றுவது' என்று எங்களிடம் பெயர். ஒப்பந்தப்படி இரண்டே காரணம் செல்லும்: டாக்டர் சீட்டு, அல்லது ஊரைவிட்டே குடிபோவது. ஆனால் அந்த விதியை முதலில் எடுத்துக் காட்டவே கூடாது. முதலில், அவர்கள் சொல்வது எல்லாவற்றுக்கும் ஆமாம் போட வேண்டும். பிறகு குழந்தையின் வருகை அட்டையை எடுத்து, மாஸ்டர் ஒட்டிய நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் கடைசியாக ஒரு கேள்வி. மாஸ்டரின் சொந்தத் தயாரிப்பு: "நிறுத்தணும்னு நினைக்கறது குழந்தையா, நீங்களா?" குழந்தை என்றால், "நாளைக்கு ஸ்கூலும் வேணாம்னு சொல்லும், நிறுத்திடுவீங்களா?" நாங்கள்தான் என்றால், "அப்போ குழந்தை என்ன பாவம் பண்ணிச்சு?" எந்தப் பக்கம் போனாலும் கதவு சாத்தியிருக்கும். ஏழு வருடத்தில் அந்தக் கதவைத் தாண்டி யாரும் போனதில்லை. நான் நன்றாக வேலை பார்த்தேன்.

ஜோசப் சாரிடமும் ஆமாம் போட்டேன், நட்சத்திரம் காட்டினேன், கேள்வியைக் கேட்டேன்.

"அவளும் இல்ல, நானும் இல்ல மேடம். இது" என்று துணிப்பையிலிருந்து பலகையை எடுத்து வைத்தார். இரண்டு துண்டாக இருந்தது.

"ஜன்னல்கிட்ட சாய்ச்சு வெச்சிருந்தேன் ஆன்ட்டி" என்றாள் ஷெரின். "நேத்து தங்கச்சிப் பாப்பா அது மேல உக்காந்தா. ஒடைஞ்சிருச்சு."

"பாப்பாவுக்கு ஒன்றரை வயசு" என்று ஜோசப் சார் தகவல் சேர்த்தார்.

"ஆன்ட்டி, அன்னிக்கு இது ஈரமா இருந்துச்சா?"

மாஸ்டர் ஏற்கெனவே ஒரு குழந்தையின் முன்னால் மண்டியிட்டிருந்தார். இல்லை என்று சொல்லிவிட்டால் ஒப்பந்தம் தப்பிக்கும், என் வேலையும் தப்பிக்கும். எட்டு வயதுக் குழந்தையின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"ஆமா ஷெரின். மழை பெஞ்சிச்சு. நான் எடுத்து வைக்க மறந்துட்டேன்."

"காஞ்சிருந்தா நான் ஒடைச்சிருப்பேனா?"

"ஒடைச்சிருப்ப."

"பாப்பா மாதிரியா?"

"பாப்பா மாதிரிதான்."

ஜோசப் சார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "அப்போ என்கிட்ட ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வாங்கினது மழையா மேடம்?" பணத்தைவிட, தன் சந்தேகமே தன்னைக் கவிழ்த்துவிட்டதுதான் அவரால் தாங்க முடியாமல் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு, அன்று மாலையே வேலை போகும் என்று வீட்டுச் செலவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் எழுந்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தேர்வுப் பலகை ஒன்றை எடுத்துவந்து ஷெரின் முன்னால் வைத்தார். அவள் அதை விரல் முட்டியால் தட்டினாள், முகர்ந்து பார்த்தாள், முழங்காலில் வைத்து வளைக்கப் பார்த்தாள்.

"இது காஞ்சதா?"

"காஞ்சதுதான். ஆனா ஒடையாது" என்றார் மாஸ்டர். "உன்னால இப்போ முடியாது. இன்னா, எனக்கே சில நாள் முடியறதில்ல."

அவர் உண்மை பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் வியாபாரத் தந்திரமாக இருக்கலாம், இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஷெரின் யோசித்தாள். "அப்போ டெஸ்ட்டுக்கு என் பலகைய நான்தான் எடுப்பேன். நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது. எழுதிக் குடுங்க." தணிக்கைக்காரர் மகள்!

ஒப்பந்தத்தில் பதினாறு விதிகள் இருந்தன. ஓரத்து வெள்ளை இடத்தில் பதினேழாவதை என் கையால் எழுதினேன்: 'தேர்வுப் பலகையை மாணவியே தேர்ந்தெடுப்பார்.' மாஸ்டர் கையெழுத்துப் போட்டார், ஜோசப் சார் போட்டார், ஷெரினும் போட்டாள். எங்கள் பள்ளியில் திருத்தி எழுதப்பட்ட ஒரே ஒப்பந்தம் அதுதான். அந்த மாதக் கணக்கில் அதை நான் 'காப்பாற்றியதாக'ப் பதிவானது. பாராட்டும் கிடைத்தது.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தேர்விலும் ஷெரின் உள்ளறைக்குப் போய், அடுக்கைக் கலைத்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, இருப்பதிலேயே தடிமனானதைத் தூக்கிக்கொண்டு வருவாள். குத்துவாள். உடையாது. கையைத் தேய்த்துக்கொண்டே போய் வரிசையில் உட்கார்ந்துவிடுவாள். அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாம் நான் எடுத்துக் கொடுத்த பலகைகளை உடைத்து, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று பெல்ட் மாறிக்கொண்டே போனார்கள். இவள் வெள்ளை பெல்ட்டிலேயே நின்றாள்.

இரண்டு வருடம் முடிந்த மாதம் ஜோசப் சார் வந்தார். "விட்டுடலாம்னுதான் மேடம் நெனச்சேன். கேட்டா, 'இன்னும் ஒடையலியேப்பா'ங்கறா. எடுங்க பேப்பரை" என்றார். தாளை எடுத்து வைத்தேன். பேனாவைக் கொடுத்தபோது அவர், "நிஜமாவே இதுல பிரயோஜனம் இருக்கா மேடம்?" என்று கேட்டார். உண்டு என்றேன். அன்றுதான் என் கண் கீழே போனது.

ஏனென்றால் எனக்குத் தெரியவில்லை. அவள் ஏதோ கற்றுக்கொண்டாள், அது கண்ணுக்குத் தெரிந்தது. அதைக் கற்றுக்கொடுத்தது மாஸ்டரா, நாங்கள் செய்த திருட்டுத்தனமா, நான் மாடியில் மறந்த பலகையா? அதற்கா கட்டணம் வாங்கினோம்? மறுபக்கம், பலகை முதல் நாளே உடைந்த பிள்ளைகளில் பலர் மூன்றாம் மாதமே காணாமல் போனார்கள். பணம் மட்டும் தவறாமல் வந்தது. 'கட்டியாச்சே' என்ற ஒரே காரணத்துக்காக மழையிலும் ரெயின்கோட் போட்டு இழுத்து வரப்பட்ட சிலர், எல்லோரையும்விட நன்றாக வந்தார்கள். ஒப்பந்தம் இல்லையென்றால் அவர்களும் போயிருப்பார்கள். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் எனக்கு ஒரே விடை வருவதில்லை.

சில மாதம் கழித்து வேலையை விட்டேன். மற்றவர்கள் பிள்ளைகளின் மாலை நேரத்தை நான் பார்த்துக்கொண்டிருக்க, என் பிள்ளையின் மாலை நேரத்தைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். தொம்மலூருக்கு வீடு மாறினோம்.

இனியாவுக்கு இப்போது ஆறரை வயது. பள்ளி வேனில் அவளுடைய ஜன்னல் சீட்டை ஒரு பெண் தினமும் பிடுங்கிக்கொள்கிறாள். இவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து இடம் கொடுக்கிறாள். வேன் டிரைவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். கேட்டால், "பரவால்லம்மா" என்கிறாள். அந்தப் 'பரவால்ல' என்னிடமிருந்து போனது. எனக்கு அதுதான் உறுத்தல்.

போன சனிக்கிழமை வீட்டுப் பக்கத்தில் ஒரு கராத்தே பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரகுவும் வந்தார். எல்லாத் தந்திரமும் எனக்குத் தெரியும் என்ற தைரியத்தோடுதான் போனேன். நாற்காலி படிக்கட்டுக்கு முதுகு காட்டியிருந்தது. சிரித்துக்கொண்டேன். பலகைகள் அடுக்கியிருந்தன. யாரும் பார்க்காதபோது கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்தது. நான் தும்மினாலே உடைந்திருக்கும்.

இனியா கத்தினாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. பலகை உடைந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று எனக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மூன்றில் முன்மேசைப் பெண் டேப்லெட்டை என் முன்னால் நீட்டினாள். அது மங்கலாகத் தெரிந்தது.

ரகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஏய், நீயா? நீயுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்பந்தத்தைப் படித்தேன். இரண்டு வருடம். மாதாமாதம் பணம் வங்கியிலிருந்து தானாகப் போய்விடும். முறிப்பதற்கு அதே இரண்டு காரணங்கள்.

"நான் ஒரு விதி சேர்த்து எழுதணும். ஓரத்துல இடம் எங்கே?" என்று கேட்டேன்.

"இது ஆப் மேடம், ஓரமெல்லாம் கெடையாது. கீழ வரைக்கும் தள்ளிட்டு 'சம்மதம்' தொட்டா முடிஞ்சிச்சு."

"நம்ம வீட்டு வாடகை அக்ரிமெண்டே பதினோரு மாசம்தான்" என்றார் ரகு. "தங்கற வீட்டுக்கே இல்லாத ரெண்டு வருஷம் குதிக்கற இடத்துக்கு எதுக்கு?"

யோசித்துச் சொல்கிறோம் என்றேன். அந்தப் பெண் என்னை வற்புறுத்தவே இல்லை. குனிந்து இனியாவிடம், "ஞாயித்துக்கிழமை வர்றியா கண்ணு?" என்றாள். எங்கள் காலத்தில் இந்த முறை கிடையாது. நாங்கள் குழந்தையைக் கேட்டதே இல்லை. புதியவர்கள் பேரைக் கேட்டாலே என் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கும் இனியா, நான் வாயைத் திறப்பதற்குள், "வருவேன்" என்றாள். சத்தமாக. அந்நியரிடம். இது தந்திரம் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அவள் பதில் சொன்னதும் நிஜம்தானே?

இன்று வியாழக்கிழமை. சேர்க்கைக் கட்டணம் இல்லாத சலுகை ஞாயிற்றுக்கிழமைவரைதான். அந்த 'வரைதான்' எதற்கென்றும் எனக்குத் தெரியும், இருந்தாலும் நாட்களை எண்ணுகிறேன். ரகு, "நீதானே இதுல எக்ஸ்பர்ட், நீயே முடிவு பண்ணு" என்று நழுவிவிட்டார்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். குழந்தையையே கேளுங்கள் என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். நேற்று கேட்டுவிட்டேன்.

"இனியா, ரெண்டு வருஷம்னா எவ்வளவு தெரியுமா?"

"தெரியும். நான் மூணாவது போற வரைக்கும்."

"நடுவுல உனக்குப் பிடிக்காமப் போச்சுன்னா?"

அவள் கொஞ்சம்கூடக் கவலைப்படவில்லை. "அப்போ நீ போய் அந்த ஆன்ட்டிகிட்ட பேசி நிறுத்திடும்மா. உனக்குத்தான் அந்த வேலை தெரியுமே."

எனக்குத் தெரிந்தது மேசைக்கு அந்தப் பக்கத்து வேலை. இந்தப் பக்கம் உட்கார்ந்து ஜெயித்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. உங்களில் யாராவது எந்த வகுப்பிலாவது, டாக்டர் சீட்டு இல்லாமல், வீடு மாறாமல், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறீர்களா? "நிறுத்த நினைப்பது குழந்தையா, நீங்களா" என்று அந்த மேசைக்காரி கேட்டபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? அந்த ஒரு வரியை மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் எனக்கு எழுதி அனுப்புங்கள். அது கையில் இருந்தால் தைரியமாகச் 'சம்மதம்' தொட்டுவிடுவேன்.